ஏறும் கோடு, இறங்கும் கோடு

பெஸ்டெல், 4 நவம்பர் 1973

அன்புத் தங்கை லூமேனுக்கு,

நாலு வரி எழுதலாமென்று பேனாவைக் கையில் எடுத்தேன். நான் மோசமில்லை, கடவுளுக்கு நன்றி. இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது நீயும் மோசமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

பிழையில்லாமல் எனக்கு வரும் பிரெஞ்சு இவ்வளவுதான். சாமியார் பள்ளியில் பிரம்படியோடு மனப்பாடம் செய்தது. இதற்குக் கீழே வருவதெல்லாம் நொண்டும், சிரிக்காமல் படி. நம் வாய்ப்பேச்சான கிரயோலில் எழுதிவிட்டால் எளிதுதான். ஆனால் கிரயோலில் யாராவது கடிதம் எழுதுவார்களா? உள்பனியனோடு பூசைக்குப் போகிற மாதிரி இருக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்தேன். காப்பி ஊற்றிவிட்டு, வழக்கம்போல உன் பங்குக்கும் கொஞ்சம் ஊற்றினேன். அங்கேயே உட்கார்ந்து அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னேன். அதையே உனக்கும் சொல்கிறேன். ரொட்டி அடுப்பு தோர்மேயுவின் மகள் ஒரேலியாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். முப்பத்தெட்டு வயதில் இவனுக்கு ஆசையைப் பார் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். அவளுக்குச் சம்மதம். அவள் அப்பாவுக்குத்தான் முறைப்படி கடிதம் வேண்டும்.

அந்தக் கடிதம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ரிப்பன் கட்டி, தட்டில் வைத்து, பெண் வீட்டு மேசையின் வெள்ளை விரிப்பில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரேலியாவின் சித்தப்பா போலினிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு குடும்பமும் கேட்க வாசிப்பார். பிழை வந்த இடத்தில் நிறுத்தி இருமுவார். அவர் இருமினால் ஊர் பத்து வருஷம் சொல்லிச் சிரிக்கும்.

நோட்டரி குமாஸ்தாவிடம் போய் எழுதி வாங்கு என்கிறார்கள். அவர் ஊருக்கெல்லாம் ஒரே கடிதத்தைத்தான் எழுதுகிறார், பெயரை மட்டும் மாற்றுவார். முன்பு தெலிஸ்மாவுக்கு எழுதியபோது அதையும் மறந்துவிட்டார். ஒரு வீட்டு மேசையில் வைத்துப் பிரித்தால் கடிதம் அடுத்த தெருப் பெண்ணைக் கேட்கிறது! அந்த இரண்டு வீட்டாரும் இன்றைக்கும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பதில்லை.

என் பெண்ணை நானே கேட்க வேண்டும், லூமேன். எனக்குத் தடை வினைச்சொல்தான். கிரயோலில் வினை பிறந்த உடம்போடே இருக்கிறது. நான் கூப்பிட்டாலும் நீ கூப்பிட்டாலும் ஒரே சொல். பிரெஞ்சில் வால் மாறுகிறது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சில வினைகளுக்கு நடு உடம்பே மாறிவிடுகிறதே, அவற்றை எப்படி அடையாளம் காண்பது? நீ அங்கே வகுப்புக்குப் போகிறாய். கொஞ்சம் கொஞ்சமாக எழுதி அனுப்பு.

உன்னை மறக்காத அண்ணன்,
எக்ஸிலியன்

சீமைப்பலா விற்கப் படகில் தலைநகருக்கு வரும் மதாம் புர்சிக்கோ இதைக் கொண்டுவருகிறாள். பதிலையும் அவளிடமே கொடு.


போர்ட்-ஓ-பிரின்ஸ், 25 நவம்பர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டதில் உடம்பும் மனசும் தெம்பாயிற்று. நான் மோசமில்லை. நீ மோசமில்லை என்பதை மதாம் புர்சிக்கோ வாசலிலேயே கத்திச் சொல்லிவிட்டாள்: “ஒங்கண்ணனுக்கு ஒண்ணுமில்லடி! ஆணிய அடிக்கச் சொன்னா வெரல அடிச்சுக்கிட்டு வானத்தப் பாத்துச் சிரிக்கறாரு, அவ்வளவுதான்!”

ஒரேலியாவா! சின்ன வயதில் உன் தொப்பியைக் கடலில் எறிந்தவள்தானே? நல்லது. இனி உன் தலையும் அவள் கையில்.

தையற்கூடம் மூடியதும் மாதா கோயில் மண்டபத்துக்குப் போய்விடுகிறேன். வாத்தியார் பெயர் ஜெஸ்னேர். அதிகம் வயதில்லை. கரும்பலகையில் எழுதிய கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொள்வார், அதனால் ஒரு தோள் எப்போதும் வெள்ளை. ஜன்னல் வழியாக வரும் சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் சுண்ணாம்புத் தூள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் மிதக்கிற மாதிரி இருக்கும். உன் கேள்வியை அவரிடமே கேட்டேன். “ஒங்க அண்ணன் படகு செய்யறவருதானே? அவருக்குச் சட்டுனு புரியும் பாருங்க” என்றார்.

கேட்டுக்கொள். ‘நான்’, ‘நீ’, ‘அவன்’, ‘அவர்கள்’ என்று சொன்னால் அந்த வகை வினையின் உடம்பு மாறும். ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்றால் பிறந்த உடம்புக்கே திரும்பிவிடும். தனியாள் ஏறினால் படகு ஒரு பக்கம் சாய்கிறது. எல்லாரும் ஏறி உட்கார்ந்தால் நேராக நிற்கிறது. கூப்பிடு என்ற சொல்லையே எடுத்துக்கொள். ‘நான் கூப்பிடுகிறேன்’ என்றால் ழப்பெல், நடுவில் இரண்டு ‘எல்’ போட வேண்டும். ‘நாங்கள் கூப்பிடுகிறோம்’ என்றால் நூ ஸப்பலோன், ஒரே ‘எல்’தான். தனியாக வலிக்கிறவனுக்கு இரண்டு துடுப்பு வேண்டும், கூட ஆள் இருந்தால் ஒன்று போதும் என்று வைத்துக்கொள்.

அம்மாவின் பெரிய மேசை காலாடுகிறதா? சரிசெய்து வை. வெள்ளை விரிப்பையும் ஒரு தடவை துவைத்துப் போடு. நம் வீட்டு மேசைக்கும் என்றைக்காவது கடிதம் வராதா என்ன.

அன்போடு உன் தங்கை,
லூமேன்


பெஸ்டெல், 16 டிசம்பர் 1973

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதே முதல் வரி. இரண்டாவது வரி, நானும் மோசமில்லை. இடது கட்டைவிரல் மட்டும் வீங்கியிருக்கிறது. காரணம் உன் பாடம்.

பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கும்போது சொல்லிக்கொண்டே அடைக்கிறேன். கொட்டாப்புளி ஒரு தட்டு, ‘நான் கூப்பிடுகிறேன்’. இன்னொரு தட்டு, ‘நீ கூப்பிடுகிறாய்’. மத்தியானத்தில் கடல் அசையாமல் கிடக்கும்போது எது என் குரல், எது தண்ணீரின் குரல் என்று தெரியவில்லை. அப்படியே படகின் நிழலில் தூங்கிவிட்டேன். கனவில் அம்மா இரண்டு துடுப்பும் போட்டுக்கொண்டு தூரத்துத் தீவிலிருந்து வருகிறாள். யாரையோ கூப்பிடுகிறாள். யாரை என்று கேட்கவில்லை. எழுந்து பார்த்தால் கண்ணெல்லாம் ஈரம். மரத்தூள் விழுந்திருக்கும்.

ரொட்டி வாங்கப் போன இடத்திலும் வாய் ஓயவில்லை. ஒரேலியா பிடித்துக்கொண்டாள்.

“என்ன முணுமுணுப்பு? ஜெபமா?”

“இல்ல, வினைச்சொல்லு.”

“யாரவ, புதுசா?”

அடுப்படியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவள் அப்பா மட்டும் மாவைப் பிசைந்துகொண்டே, “ஈஸ்டர் முடியட்டும். கடிதம் வந்தா மேசை இருக்கு, வரலன்னா அடுப்பு இருக்கு” என்றார். நல்ல மனுஷன்தான். எனக்குத்தான் வியர்த்துவிட்டது.

ஒரு சந்தேகம். ‘நாங்கள்’ கூட்டம், நேராக நிற்கிறது. ‘அவர்கள்’ அதே அளவு கூட்டம்தானே? அவர்கள் மட்டும் ஏன் சாய்கிறார்கள்? வாத்தியாரைக் கேள்.

மேசையின் காலைச் சரிசெய்துவிட்டேன். நம் மேசைக்குக் கடிதம் என்று எழுதியிருந்தாயே, யாருக்கடி அந்தக் கடிதம்? எனக்குத் தெரிந்து நம் வீட்டில் பெண் பிள்ளை ஒன்றுதான்.

விரல் வீங்கிய அண்ணன்,
எக்ஸிலியன்


போர்ட்-ஓ-பிரின்ஸ், 13 ஜனவரி 1974

அன்புள்ள அண்ணே,

புது வருஷம் உனக்கும் ஒரேலியாவுக்கும் நல்லபடி விடியட்டும். நான் மோசமில்லை என்று எழுதினால் அது பொய், நான் மிக நன்றாக இருக்கிறேன். முதல் தேதி தையற்கூடத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பரங்கிக்காய் சூப் வைத்தோம். வாத்தியாருக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன்.

‘அவர்கள்’ கேள்வியைக் கேட்டதும் அவர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அவங்க எத்தன பேரா இருந்தா என்ன, நம்ம படகுல இல்லையே!” என்றார். அது இலக்கணப் புத்தகத்தில் இல்லை, அவரே சொன்னது.

இன்றைக்கு உனக்கு ‘நம்பு’ பாடம். எஸ்பேரே. இதற்கு ‘எல்’ கூடுவதில்லை, எழுத்தின் தலைமேல் இருக்கும் கோடுதான் மாறும். ‘நாங்கள் நம்புகிறோம்’ என்றால் கோடு இடப்பக்கம் தாழ்ந்து வலப்பக்கம் ஏறும். ‘நான் நம்புகிறேன்’ என்றால் அதே கோடு இறங்கும். பூசை முடிந்து அவரும் நானும் கடற்கரைச் சாலையில் நடந்தபோது இதைக் காற்றில் விரலால் வரைந்து காட்டினார். ஏறும் கோடு, இறங்கும் கோடு. கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ‘வாங்கு’ என்பதும் உடம்பு மாறுகிற வினைதான் தெரியுமா என்றார். அன்றைக்கு எனக்கு எல்லா வினையும் உடம்பு மாறுகிற மாதிரிதான் இருந்தது.

அண்ணே, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மான்ட்ரியல் நகரத்துப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. புறப்படும் முன் லே-காய் ஊரில் இருக்கும் தன் அம்மா கையால் நம் வீட்டுக்குக் கடிதம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். தவக்காலத்துக்கு முன்பே வந்துவிடும். ரிப்பன் என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பு என்றேன். நீ வாசிக்கும்போது இருமாதே.

உன் அதிர்ஷ்டக்காரத் தங்கை,
லூமேன்


பெஸ்டெல், 10 பிப்ரவரி 1974

லூமேன், கண்ணே,

நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்தபின் என் உடம்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. கட்டைவிரல் வீக்கமும் இறங்கிவிட்டது.

விரிப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்து மேசையில் போட்டுவிட்டேன். கோழி ஏறாமல் இருக்கக் கதவைச் சாத்தி வைக்கிறேன். படகு வரும் நாளெல்லாம் துறைக்குப் போய் நிற்கிறேன். லே-காய் பக்கத்திலிருந்து யார் இறங்கினாலும் கையைத்தான் பார்க்கிறேன். நேற்று ஒருத்தர் கையில் சிவப்பாய் ஒன்று தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சேவல் கொண்டை.

ஒரேலியாவிடம் சொன்னேன். “ஒனக்கு மாப்ள யோகம், மச்சான் யோகம் ரெண்டும் ஒரே வருஷத்துல. ஒருத்தனுக்கு இவ்ளோ ஆகாது, எனக்குக் கொஞ்சம் குடு” என்றாள்.

என் கடிதத்தின் முதல் வரைவை இதோடு வைத்திருக்கிறேன். ‘உங்கள் தோட்டத்து ரோஜாவைப் பறிக்கும் பாக்கியம்’ என்று எல்லாரும் எழுதுவதால் நானும் எழுதியிருக்கிறேன். அவர்களிடம் தோட்டமே கிடையாது. என்ன செய்யலாம்? ‘நான் நம்புகிறேன்’ என்ற இடத்தில் கோட்டை எந்தப் பக்கம் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, நேர்க்கோடாகப் போட்டுவிட்டேன். எந்தப் பக்கம் வேண்டுமோ நீ சாய்த்துக்கொள்.

துறையில் காத்து நிற்கும் அண்ணன்,
எக்ஸிலியன்


போர்ட்-ஓ-பிரின்ஸ், 24 மார்ச் 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகம்தானே. நான் மோசமில்லை.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தையற்கூடத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புகள் தைக்கிறோம், கை ஒழியவில்லை. வகுப்பு நின்றுவிட்டது. வாத்தியார் பிப்ரவரியிலேயே புறப்பட்டுவிட்டார். மண்டபத்தில் இப்போது பாட்டுப் பயிற்சி நடக்கிறது. கரும்பலகையை யாரும் அழிக்கவில்லை.

வரைவைத் திருத்தியிருக்கிறேன். ரோஜாவை எடுத்துவிடு. அவளைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுது. கோட்டை இறக்கிவிட்டேன், ‘நான்’ என்று எழுதியிருப்பதால்.

உனக்கு ஒரு புது வினை. ‘உறை’. பனியில் உறைவது. நம் ஊரில் யாருக்கும் இது தேவைப்படாது, ஆனாலும் தெரிந்துகொள். ‘நாங்கள் உறைகிறோம்’ என்றால் எழுத்தின் தலை வெறுமையாக இருக்கும். ‘நான் உறைகிறேன்’ என்றால் இறங்கும் கோடு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஜன்னலோரத்து மிஷினிலிருந்து உள்ளே மாறிக்கொண்டேன். கீழே காப்பி வறுக்கிறார்கள், அந்த மணம் இப்போது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. உனக்குத் தெரியும், நான் காப்பிப் பைத்தியம். காலம் எப்படியெல்லாம் மாறுகிறது பார்.

ரிப்பன் வந்ததா? லே-காய் பாதை மழையில் அடைபட்டிருக்கும். வந்தால் உடனே எழுது.

லூமேன்


பெஸ்டெல், 21 ஏப்ரல் 1974

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன்னையும் என்னையும் சுகமாக வைக்கட்டும். நான் மோசமில்லை.

ஈஸ்டருக்கு நீ வருவாய் என்று இருந்தேன். படகுப் போட்டியில் நான் செய்த படகு இரண்டாவதாக வந்தது. ஊரே கடற்கரையில். ஒரேலியா உனக்கென்று தனியாக இனிப்பு ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி வைத்திருந்தாள். அது காய்ந்துபோய் நேற்றுத்தான் மீனுக்குப் போட்டேன்.

ரிப்பன் வரவில்லை. வந்திருந்தால் நீந்தியாவது வந்து சொல்லியிருப்பேன். மழை என்கிறாய். மழைதான். கோழிக்குப் பயந்து கதவை இன்னும் சாத்தித்தான் வைத்திருக்கிறேன்.

‘உறை’ வினையை மனப்பாடம் செய்யவில்லை. அது வேண்டாம், எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன்,
எக்ஸிலியன்


பெஸ்டெல், 19 மே 1974

லூமேன்,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. மதாம் புர்சிக்கோ வெறுங்கையோடு வந்தாள். நீ கதவைத் திறக்கவில்லை, உள்ளிருந்தே நன்றாக இருக்கிறேன் என்றாயாம். நீ மோசமில்லை என்று உன் கையால் எழுதிக் காட்டு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜூன் கடைசி ஞாயிறு தோர்மேயு வீட்டில் கடிதம் வைக்கிறேன். முழு வரைவும் இதோடு இருக்கிறது. ரோஜா போய்விட்டது. ‘உங்கள் மகளின் கையில் எப்போதும் மாவு இருக்கும், என் கையில் மரத்தூள் இருக்கும், இரண்டும் உழைப்பின் தூள்’ என்று எழுதியிருக்கிறேன். போலினிஸ் இருமுவாரா?

விடியற்காலையில் எழுந்து கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலை ஓடவில்லை. மூடுபனியில் தீவு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ‘நான் நம்புகிறேன்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். வாய் சொல்லும்போதே விரல் இறங்குகோடு போடுகிறது. பழகிவிட்டது போல.

எழுது.

எக்ஸிலியன்


போர்ட்-ஓ-பிரின்ஸ், 9 ஜூன் 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சுகமே என் சுகம். நான் மோசமில்லை.

வரைவில் பிழை எதுவும் இல்லை. மாவும் மரத்தூளும் நன்றாக இருக்கிறது. போலினிஸ் இருமினால் அது சளியாகத்தான் இருக்கும். இனி உனக்கு நான் தேவையில்லை.

கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. வேலை அதிகம். ஒரேலியாவிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல். அம்மாவின் விரிப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிடு. வெளியே கிடந்தால் பழுப்பேறும்.

மதாம் புர்சிக்கோவை இனி என் அறைக்கு அனுப்பாதே. கடிதத்தைத் தையற்கூடத்து வாசலில் கொடுத்தால் போதும்.

உன் தங்கை,
லூமேன்


பெஸ்டெல், 22 ஜூலை 1974

ஏ லூமேன்,

இந்தக் கடிதம் பிரெஞ்சுல இல்ல. நம்ம வாய்ப்பேச்சுலதான் எழுதறேன். உள்பனியனோட வந்து நிக்கறேன்னு வச்சுக்க. சில விஷயம் சட்ட போட்டுக்கிட்டுச் சொல்ல முடியல.

மதாம் புர்சிக்கோ சொல்லிட்டா. அவள வையாத. படகவிட்டு எறங்கினதும் என்னத் தனியாக் கூட்டிட்டுப் போயி, “ஒன் தங்கச்சி கவுன்ல தையலப் பிரிச்சுப் பிரிச்சு அகலமாக்கிப் போட்டிருக்கா. காத்து வரட்டும்னு இல்லப்பா அது”ன்னா. சொல்லிட்டு அவளே அழுதா. நான் அழல. அப்பறமா அழுதேன்.

மான்ட்ரியலுக்குக் கடிதம் போடலாமான்னு ஒரு நாள் பூரா யோசிச்சேன். நீ சொல்லிக் குடுத்த பிரெஞ்சுல அவன நல்லாக் கேக்கலாம். ஆனா வர்றவன் தன் கால்ல வரணும். நான் வலிச்சு இழுத்தா அது ஒனக்கு வாழ்க்கையா? விட்டுட்டேன்.

பெறகு தோர்மேயு வீட்டுக்கு எழுதின கடிதத்த எடுத்தேன். நீ பிழையில்லன்னு சொன்னியே, அத. அதுல ஒரு பெரிய பிழை இருந்துது. என் வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு அதுல இல்ல. புதுத்தாள்ல மறுபடி எழுதினேன். கடைசில இதச் சேத்தேன்: ‘என் தங்கை லூமேன் என் வீட்டில் இருப்பாள். அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையும் இருக்கும். நாங்கள் மூன்று பேர். மூன்று பேராகவே உங்கள் மகளைக் கேட்கிறோம். நல்ல பதில் வரும் என்று நாங்கள் நம்புகிறோம்.’

ஒன்னக் கேக்காம எழுதிட்டேன். கோபப்படு. வந்து கோபப்படு.

ஜூன் கடைசி ஞாயித்துக்கெழம எரவல் கோட்டு, இறுக்கற செருப்பு. என் ஞானத்தகப்பன் தட்டத் தூக்கிட்டு முன்னால போறாரு. போலினிஸ் கண்ணாடியத் தொடச்சு மாட்டினாரு. மாவு, மரத்தூளு எல்லாம் தாண்டிப் போச்சு, ஒரு இருமல் இல்ல. கடைசிக்கு வந்தாரு. நின்னுட்டாரு. நல்லா இருமினாரு.

“பொண்ணு கேக்கறது ஒரு ஆளு. ‘நாங்கள்’னு எழுதியிருக்கு. தப்பு.”

“தப்பில்ல. நாங்கதான். மேல படிங்க.”

படிச்சாரு. முடிச்சுட்டுக் கண்ணாடியக் கழட்டினாரு. தோர்மேயு என்னயே பாத்தாரு.

“இத எழுதச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. என் கடிதம், நான்தான் எழுதினேன்.”

“கல்யாணம் முடிஞ்சப்பறம் சொல்லியிருக்கலாமில்ல?”

“அப்பச் சொன்னா அது ஏமாத்துங்க.”

“பதில் வரும்”னு மட்டும் சொன்னாரு. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டினேன். பொண்ணு போச்சுன்னே நெனச்சேன். மனசு வலிச்சுது, ஆனா எழுதினதுக்கு வருத்தப்படல.

ரெண்டு ஞாயிறு ஒண்ணும் வரல. ரொட்டி வாங்கப் போக வெக்கப்பட்டு மரவள்ளிக்கெழங்கத் தின்னுட்டுக் கெடந்தேன். நேத்து வந்துது, ரிப்பன் கட்டி. குமாஸ்தா எழுதின பதில். பிரிச்சா, ‘மதிப்புக்குரிய தெலிஸ்மா அவர்களுக்கு’ன்னு இருக்கு! பழைய தாளப் பாத்து எழுதியிருக்கான் படுபாவி. நான் பதறிப்போயி எடுத்துட்டு ஓடினா தோர்மேயு சாவகாசமா மாவு பெசையறாரு. “பேரு தப்பாயிருந்தா என்னப்பா, ஆளு சரியாயிருக்கான். கீழ படிச்சியா?”ன்னாரு.

கீழ, குமாஸ்தா கையெழுத்துக்கும் கீழ, ஒரேலியா அடுப்புக் கரியால எழுதியிருக்கா. பிரெஞ்சுல இல்ல, நம்ம பேச்சுல. ‘மூணு பேரு இல்ல. நாலு பேரு.’

அதப் பாத்தப்பறம்தான் எனக்கும் இப்படி எழுதத் தைரியம் வந்துது.

விரிப்ப நான் பெட்டில வைக்கல. மேசமேலயேதான் கெடக்கு. ரிப்பன் கட்டின கடிதம் வந்து ஒக்காரும்னு போட்டோம், வரல. போகட்டும். புள்ளயக் கெடத்த அதவிட நல்ல துணி நம்ம வீட்டுல இல்ல. தொட்டில் மரத்த எழச்சு வச்சிருக்கேன். படகு மாதிரிதான் வருது, எனக்கு வேற தெரியாது.

மதாம் புர்சிக்கோ ஒன் அறைக்கே வருவா. இந்தத் தடவ கதவத் தொற.

ஒன் அண்ணன்


போர்ட்-ஓ-பிரின்ஸ், 4 ஆகஸ்ட் 1974

அண்ணே,

நானும் வாய்ப்பேச்சுலயே எழுதறேன்.

நான் மோசமாத்தான் இருந்தேன். ரொம்ப மோசமா இருந்தேன். மோசமில்ல மோசமில்லன்னு எழுதிட்டு அந்தத் தாள்மேலயே தலைய வச்சுக் கெடந்தேன். பிரெஞ்சுல அத எழுதறது சுலுவா இருந்துது. மொதல் வரிய யாரும் படிக்க மாட்டாங்கல்ல.

ஒன் கடிதத்தப் படிச்சதும் கோபம்தான் வந்துது. ஊரக் கூட்டிச் சொல்லிட்டியேன்னு கிழிக்கப் போனேன். மதாம் புர்சிக்கோ கையப் புடிச்சுக்கிட்டு, “கிழி, ஆனா இன்னொருக்காப் படிச்சுட்டுக் கிழி”ன்னா. படிச்சேன். ‘நாங்கள் நம்புகிறோம்’னு எழுதினியே, கோட்ட ஏத்தித்தானே போட்ட? போலினிஸ் வேறெதுக்கோ இருமினதா எழுதியிருக்க, கோட்டுக்கு இருமல. அப்ப ஏத்தித்தான் போட்டிருக்க.

மிச்சக் கோபத்த நேர்ல வந்து படறேன். சனிக்கெழம படகு. மதாம் புர்சிக்கோ கூட வர்றா, சீமைப்பலாக் கூடைக்கு நடுவுல எனக்கு எடம் ஒதுக்கியிருக்கா. புள்ள வயித்துல ஒதைக்குது, படகுக்காரன் வம்சம்.

அண்ணிகிட்ட காப்பி போட்டு வைக்கச் சொல்லு. இப்ப அந்த மணம் எனக்குப் புடிக்குது.

லூமேன்